இருபது பவுண்டும் ஏழு மைல் பாதையும்

1898-ஆம் ஆண்டின் கோடைக்காலம். அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில் பிரூரீ என்னும் சிற்றூரில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தான். அவனுக்குத் தந்தை இல்லை. தாய் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், வேறொரு குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். வளர்த்த பாட்டி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆதரவாக எஞ்சியிருந்தவர் தாய்மாமன் மட்டுமே. அவரும் விவசாயக் கூலித் தொழிலாளி. தேர்வு முடிவு கைகொடுக்காவிட்டால் மாமனைப் போல வயல் வேலைக்குச் செல்வதும், இல்லையேல் தாயைப் போல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுவதுமே அவன் முன் இருந்த வழிகள்.

முடிவு வந்தது. ஆண்டுக்கு 20 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அவனுக்குத் தகுதி உதவித்தொகை கிடைத்திருந்தது. அந்தத் தொகையைக் கொண்டு டப்ளின் நகரை அடுத்த பிளாக்ராக் கல்லூரி என்னும் புகழ்பெற்ற கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் அயர்லாந்தின் பிரதமராகவும் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ஈமன் டி வலேரா.

டி வலேராவின் அரசியலைப் பற்றி நூலகம் நிறையும் அளவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. பொருளியல் ஆசிரியனாகப் பல்லாண்டுகள் பணியாற்றி, எண்ணற்ற மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்களில் கையொப்பமிட்ட எனக்கு, அவருடைய வாழ்க்கையில் எல்லாவற்றையும்விட அந்த 20 பவுண்டே முக்கியமாகத் தோன்றுகிறது. உதவித்தொகையால் மேலே வந்த ஒருவர் நாட்டையே ஆளும் நிலைக்கு உயர்ந்தபோது, தம்மைப் போன்ற பிற சிறுவர்களுக்கு என்ன செய்தார் என்ற கேள்வியும் அத்துடன் சேர்ந்தே எழுகிறது.

1882 அக்டோபர் 14 அன்று நியூயார்க் நகரில் பிறந்தவர் டி வலேரா. தாய் கேத்தரின் கோல், பிரூரீயில் இருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்று வீட்டு வேலை செய்தவர். தந்தையின் பெயர் ஹுவான் விவியன் டி வலேரா. ஸ்பானிய வம்சாவளியினர் எனக் குடும்பத்தார் கூறுவர். தந்தை மறைந்த பின், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக இயலாத தாய், 1885-இல் தம் சகோதரருடன் மகனைப் பிரூரீக்கு அனுப்பிவைத்தார். அப்போது அவனுக்கு இரண்டு வயது. பின்னர் தாய் மறுமணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். ஊருக்கு வந்து மகனைப் பார்த்ததுண்டு. தம்முடன் அழைத்துச் செல்லவில்லை.

குழந்தை பிரூரீக்கு வந்துசேர்ந்த காலத்தில் பாட்டியின் குடும்பம் பழைய மண்சுவர்க் குடிசையிலிருந்து, அரசு கட்டிக்கொடுத்த புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது. விவசாயத் தொழிலாளர்களுக்காக 1883-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அரை ஏக்கர் நிலத்துடன் கட்டப்பட்ட சிறிய வீடு அது. டி வலேராவின் வாழ்க்கையில் அரசு செய்த முதல் உதவி அந்த வீடு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பெறப் போட்டித் தேர்வு எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

1888-இல் பிரூரீயின் தேசியப் பள்ளியில் சேர்ந்தான். அயர்லாந்தில் 1831 முதலே அரசு நிதியுதவியுடன் தொடக்கப் பள்ளிகள் நடைபெற்றுவந்தன. ஆகவே எழுதப் படிக்கக் கற்பது ஏழைக்கும் எட்டுவதாக இருந்தது. ஆனால் பள்ளிக்குச் செல்லும் நாளும் வீட்டு வேலையும் ஓயாமல் மோதிக்கொண்டன. தாய்மாமன் பேட்ரிக்கிடம் சில மாடுகள் இருந்தன. அவற்றுக்குப் போதிய மேய்ச்சல் நிலம் இல்லாததால் சாலையோரப் புல்லில் மேய்த்துவர வேண்டும். அந்த வேலை சிறுவனுடையது. தோட்ட வேலை, பால் கொண்டுசெல்லும் வேலை என்று பள்ளி நாள்கள் பல கழிந்தன. 1895-இல் பாட்டி இறந்தார். அவனைக் கவனித்துக்கொண்ட சித்தியும் அமெரிக்காவுக்குச் சென்றுவிட, வீட்டுப் பொறுப்பில் பெரும்பகுதி அவன் தலையில் விழுந்தது.

தாய்மாமனைக் கொடுமைக்காரராகச் சித்திரிப்பது எளிது. அது நியாயமாகாது. கூலி வாங்கிப் பிழைக்கும் வீட்டில் பதினான்கு வயதுப் பையன் என்பவன் இரண்டு கைகள். அவனைப் படிக்க அனுப்புவதென்றால் பள்ளிச் செலவு ஒருபுறம், அவன் செய்யாமல் விடும் வேலையின் இழப்பு மறுபுறம். பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்கிறோம். கட்டணமே இல்லாத பள்ளிக்கும் ஏழைவீட்டுப் பிள்ளை வராமல் போவதற்கு இந்த இரண்டாவது செலவே காரணம். உள்ளூர்ப் பள்ளியிலேயே மாணவ ஆசிரியராகச் சேர்ந்துவிடலாம் என்ற யோசனையும் வீட்டில் இருந்தது. சிறுவனோ மேலே படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். மாமனும் ஒருவாறு இணங்கினார்.

அண்மையில் இருந்த உயர்நிலைப் பள்ளி, ஏழு மைல் தொலைவில், கார்க் மாவட்ட எல்லைக்குள் இருந்த சார்ல்வில் ஊரில் கிறிஸ்தவ சகோதரர்கள் சபையினர் நடத்திய பள்ளியாகும். 1896 இறுதியில் அங்கே சேர்ந்தான். காலையில் செல்ல ரயில் இருந்தது. மாலையில் பள்ளி முடியும் நேரத்துக்குத் திரும்பிவர ரயில் கிடையாது. மிதிவண்டி வாங்கித்தர மாமனிடம் பணம் இல்லை. எனவே பதினொரு கிலோமீட்டர் தொலைவைப் புத்தகச் சுமையுடன் நடந்தே கடந்தான். களைத்துப்போய் வேலியில் சாய்ந்து நின்ற மாலைகளை முதிய வயதிலும் டி வலேரா மறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மாடுகள் காத்திருந்தன. அதன் பின்னரே லத்தீனும் கிரேக்கமும் இயற்கணிதமும்.

இவ்வளவு பாடுபட்டு அவன் எழுதப்போன தேர்வு எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ள 1878-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அயர்லாந்து மக்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஆள்வதோ புராட்டஸ்டண்டு பிரிட்டன். கத்தோலிக்கத் துறவு சபைகள் நடத்திய உயர்நிலைப் பள்ளிகளுக்கு அரசுப் பணத்தை நேரடியாகக் கொடுத்தால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பும். கொடுக்காவிட்டால் அயர்லாந்தில் மனக்குறை வளரும். இந்தச் சிக்கலிலிருந்து விடுபட ஆட்சியாளர்கள் ஒரு சாமர்த்தியமான வழியைக் கண்டுபிடித்தனர். அரசு ஆதரவு நீக்கப்பட்ட அயர்லாந்துத் திருச்சபையின் சொத்திலிருந்து பத்து லட்சம் பவுண்டை எடுத்து முதலீடு செய்து, அதன் வட்டியைக் கொண்டு பொதுத் தேர்வு ஒன்றை நடத்தினர். எந்தப் பள்ளியில் படித்தவரும் அதை எழுதலாம். சமயப் பாடம் அதில் கிடையாது. நன்றாக எழுதிய மாணவருக்கு உதவித்தொகை. அவர்களைத் தேர்ச்சி பெறச் செய்த பள்ளிக்கும் தேர்ச்சிக்கு ஏற்ற பணம். இதுவே 1878-ஆம் ஆண்டின் இடைநிலைக் கல்விச் சட்டம்.

பெண்களும் இத்தேர்வை எழுத இடமளித்தது அச்சட்டத்தின் பெரிய நன்மை. அதன் தீமையும் அதற்கு இணையாகவே இருந்தது. பள்ளியின் வருமானம் தேர்வு முடிவைப் பொறுத்தது என்றானபோது, கற்பித்தல் என்பது வினாக்களுக்கு விடை திணிப்பதாகச் சுருங்கியது. மதிப்பெண் வாங்கக்கூடிய மாணவன் பள்ளிக்கு ஆதாயம். வாங்க இயலாதவன் சுமை. ஒவ்வோராண்டும் எந்தப் பள்ளிக்கு எத்தனை பரிசுகள் என்ற ஒப்பீடு நடந்தது. தேர்வு முடிவு வந்த மறுநாள் நம்மூர்ப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

1898-இல் இளநிலைப் பிரிவுத் தேர்வை எழுதிய டி வலேரா உதவித்தொகைக்குத் தகுதி பெற்றான். அதன் மதிப்பை இப்படிக் கணக்கிடலாம். அக்கால அயர்லாந்தில் விவசாயக் கூலி வாரத்துக்குப் பத்து ஷில்லிங்கை ஒட்டியே இருந்தது. இருபது ஷில்லிங் கொண்டது ஒரு பவுண்டு. ஆக, 20 பவுண்டு என்பது அவனுடைய மாமன் போன்ற ஒருவர் நாற்பது வாரங்கள் உழைத்து ஈட்டும் பணம். அத்தொகை மூன்று ஆண்டுகளுக்குத் தொடரும். அந்த வீட்டில் அதுவரை எவரும் கண்டிராத பணம் அது.

ஆனாலும் உதவித்தொகை கிடைத்ததும் பள்ளியின் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. விடுதியுடன் கூடிய பள்ளிகளின் செலவுக்கு 20 பவுண்டு போதவில்லை. லிமெரிக் பகுதியிலேயே இரண்டு கல்லூரிகள் அவனைச் சேர்த்துக்கொள்ள முன்வரவில்லை. பிரூரீயின் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த லிஸ்டன் என்ற பாதிரியார் அந்நேரத்தில் அக்கறை காட்டினார். விடுமுறையில் சென்ற இடத்தில் பிளாக்ராக் கல்லூரியின் தலைவர் லாரன்ஸ் ஹீலியைச் சந்தித்த அவர், இந்தச் சிறுவனைப் பற்றிப் பேசினார். உதவித்தொகையையே கட்டணமாக ஏற்றுக்கொண்டு சேர்த்துக்கொள்ள ஹீலி இசைந்தார்.

ஒரு பாதிரியாரின் விடுமுறைப் பயணமும் ஓர் உரையாடலும் இல்லையென்றால் அந்தத் தகுதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தகுதி உதவித்தொகை பற்றிப் பேசும்போது இந்த இடத்தை நாம் தாண்டிச் சென்றுவிடுகிறோம். தேர்வு தகுதியை அளக்கிறது. தகுதி பெற்றவனை இடம் சேர்ப்பதற்குத் தெரிந்தவர் ஒருவர் வேண்டியிருக்கிறது. ஹீலியின் முடிவில் பரிவு இருந்தது என்பதில் ஐயமில்லை. கூடவே ஒரு கணக்கும் இருந்திருக்கக்கூடும். 1860-இல் பிரெஞ்சு நாட்டுத் தூய ஆவி சபையினர் தொடங்கிய அப்பள்ளி, தேர்வு முடிவுகளால் பெயர்பெற்றது. பரிசு வாங்கும் ஒரு மாணவனைச் சேர்த்துக்கொள்வது பள்ளிக்கும் நட்டமில்லை.

1898 செப்டம்பரில் பிளாக்ராக் விடுதிக்கு வந்துசேர்ந்த முதல் இரவு பற்றி ஒரு செய்தி உண்டு. பக்கத்துத் தடுப்பறையில் ஒரு மாணவன் வீட்டை நினைத்து விம்மி அழுதுகொண்டிருந்தான். இவ்வளவு நல்ல இடத்துக்கு வந்த பிறகு ஒருவன் ஏன் அழ வேண்டும் என்று டி வலேராவுக்குப் புரியவில்லையாம். அங்கே அவனுக்குத் தனிக் கட்டில் இருந்தது, நேரத்துக்கு உணவு வந்தது, படிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட மணிநேரங்கள் இருந்தன. மாடுகள் இல்லை, ஏழு மைல் பாதை இல்லை. அடுத்த ஆண்டுத் தேர்வில் பள்ளியின் முதல் மாணவன் என்ற இடம் அவனுக்குக் கிடைத்தது. அதற்குரிய மதிப்பாக, சிற்றாலயத்திலும் உணவறையிலும் வழிபாட்டு நூல்களை வாசிக்கும் பொறுப்பு தரப்பட்டது. உடன் படித்தவர்களில் ஒருவர் ஜான் டால்டன். பின்னாளில் அயர்லாந்துத் திருச்சபையின் கர்தினாலாக உயர்ந்தவர்.

உதவித்தொகை முடிந்ததும் பணக் கவலை திரும்பிவந்தது. பட்டப் படிப்பை முடிக்கும் முன்பே, 1903-இல், டிப்பரரி மாவட்டத்தின் ராக்வெல் கல்லூரியில் கணித ஆசிரியராக வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. பகலில் கற்பித்து, எஞ்சிய நேரத்தில் படித்த அவருக்கு 1904-இல் சாதாரணத் தேர்ச்சியே கிடைத்தது. எதிர்பார்த்த உயர்நிலைத் தேர்ச்சி கைநழுவியது. கணிதத்தில் பெரும் பற்றுக் கொண்டிருந்த அவருக்கு அது நீங்காத வருத்தமாயிற்று. பல்கலைக்கழகப் பேராசிரியராகும் வாய்ப்பும் அவருக்கு அமையவில்லை. டப்ளினில் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்துவந்தார். உதவித்தொகை ஒருவனை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. அதன் பிறகும் வறுமை கூடவே வந்துகொண்டிருப்பதை நம் கல்லூரி வகுப்பறைகளிலும் நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளின் வரலாறு பலரும் அறிந்தது. ஐரிஷ் மொழி கற்கச் சென்ற இடத்தில் ஆசிரியையாக இருந்த சினேட் பிளானகனை 1910-இல் மணந்தார். 1913-இல் தொண்டர் படையில் சேர்ந்தார். 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளினின் போலண்ட் ஆலைப் பகுதியில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. தலைவர்கள் பலர் சுடப்பட்டுவிட, உயிர்பிழைத்த தளபதிகளில் மூத்தவராக 1917-இல் சிறையிலிருந்து வெளிவந்தார். 1921 ஒப்பந்தத்தை எதிர்த்தார். அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பில் நின்றார். அப்போரில் அவருடைய பொறுப்பு எவ்வளவு என்பது இன்றும் அயர்லாந்தில் தீராத வழக்கு. 1926-இல் பியன்னா பாயில் கட்சியைத் தொடங்கி, 1932-இல் தேர்தல் வழியாகவே ஆட்சியைப் பிடித்தார்.

1932 முதல் 1948 வரையும், 1951 முதல் 1954 வரையும், 1957 முதல் 1959 வரையும் அரசின் தலைமை அவர் கையில் இருந்தது. கூட்டிப் பார்த்தால் இருபத்தோர் ஆண்டுகள். 1939-40-இல் சில மாதங்கள் கல்வித் துறையையும் அவரே நேரடியாகக் கவனித்தார். ஏழு மைல் நடந்த சிறுவன், நாட்டின் கல்வி அமைச்சராக அமர்ந்திருந்தார்.

அவர் கல்விக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1940-இல் டப்ளின் உயராய்வு நிறுவனத்தை நிறுவினார். கெல்டிக் மொழிகளுக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் அங்கே துறைகள் அமைந்தன. நாஜிகளின் பிடியில் இருந்து தப்பிய இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரை அழைத்துவந்து அதில் அமர்த்தினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாளில், ஓர் ஏழை நாடு இத்தகைய ஆய்வகம் கண்டது பெருமைக்குரியது. கைநழுவிய கணிதத்துக்கு அவர் கட்டிய கோயில் அது என்றும் கொள்ளலாம்.

ஆனால் பிரூரீயில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அடுத்த தலைமுறைச் சிறுவனுக்கு அந்த நிறுவனத்தால் பயன் ஒன்றுமில்லை. 1937-இல் டி வலேரா உருவாக்கிய அரசமைப்புச் சட்டம் தொடக்கக் கல்வியை இலவசமாக வழங்கும் கடமையை அரசுக்கு விதித்தது. இடைநிலைக் கல்வியைப் பற்றி அத்தகைய கடமை எதுவும் அதில் இல்லை. உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் துறவு சபைகளின் கையிலேயே, கட்டணம் பெறுவனவாகவே நீடித்தன. மாவட்ட மன்றங்கள் போட்டித் தேர்வு நடத்தி வழங்கிய உதவித்தொகைகள் மிகச் சிலவே. வென்றவர்கள் படித்தனர், மற்றவர்கள் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நின்றனர். 1951-க்கும் 1961-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் மட்டும் நிகரமாக நான்கு லட்சம் பேர் அயர்லாந்தை விட்டு வெளியேறினர். அப்போது நாட்டின் மக்கள்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்ட இளைஞர்களும் பெண்களும் அவர்களில் ஏராளம். இங்கிலாந்தின் கட்டடப் பணிகளிலும் மருத்துவமனைகளிலும் அவர்கள் உழைத்தனர்.

ஏன் இப்படி ஆயிற்று? பிரிட்டனோடு நடந்த வணிகப் போர், உலகப் போர்க் காலப் பற்றாக்குறை, மெலிந்த கருவூலம் ஆகியவை உண்மையான காரணங்கள். உயர்நிலைக் கல்வி தங்கள் பொறுப்பு என்று கருதிய திருச்சபையோடு மோத எந்த அரசும் விரும்பவில்லை என்பதும் உண்மை. எதிர்க்கட்சிகள் ஆண்ட காலத்திலும் நிலைமை மாறவில்லை. எனவே பழி முழுவதையும் ஒருவர் மீது சுமத்துவது முறையன்று.

இருப்பினும் இன்னொரு காரணமும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. போட்டியில் வென்று மேலே வந்தவருக்கு, அந்தப் போட்டி நியாயமானதாகவே தெரியும். நான் நடந்தேன், நான் வென்றேன். திறமை உள்ளவன் எப்படியும் வந்துவிடுவான் என்று மனம் நம்பத் தொடங்கும். அதே பாதையில் நடந்து, ஒருசில மதிப்பெண்களில் உதவித்தொகையைத் தவறவிட்டவனின் பெயர் எந்த நூலிலும் இடம்பெறுவதில்லை. அதனால் அந்த நம்பிக்கையை மறுத்துப் பேசவும் ஆள் இருப்பதில்லை. 1916 எழுச்சியின் தலைவரும் ஆசிரியருமான பேட்ரிக் பியர்ஸ், இந்தத் தேர்வுமுறைக் கல்வியைக் கொலை எந்திரம் என்ற தலைப்பிட்ட சிறுநூலில் கடுமையாகச் சாடியிருந்தார். அவர் சுடப்பட்டார். உயிர்பிழைத்த தளபதியோ அதே தேர்வுமுறை உயர்த்திவிட்டவர்.

மாற்றம் வேறு வழியில் வந்தது. டி வலேரா 1959-இல் அரசுப் பொறுப்பிலிருந்து விலகிக் குடியரசுத் தலைவரானார். 1965-இல் பொருளியலாளர் பேட்ரிக் லிஞ்ச் தலைமையிலான குழு, அயர்லாந்துக் கல்வி நிலை பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டது. தொழிலாளர்கள், சிறு விவசாயிகள் ஆகியோரின் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைவது எவ்வளவு அரிது என்பதை அது எண்களால் காட்டியது. பண்பட்ட மொழியில் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை என்றே அதைச் சொல்லலாம். 1966 செப்டம்பரில், புதிய கல்வி அமைச்சர் டோனா ஓமாலி, நிதி அமைச்சகத்தின் ஒப்புதலுக்குக்கூடக் காத்திராமல், அடுத்த ஆண்டு முதல் இடைநிலைக் கல்வி இலவசம் என்று பத்திரிகையாளர் கூட்டம் ஒன்றில் அறிவித்தார். அவரும் லிமெரிக் மண்ணைச் சேர்ந்தவர். டி வலேராவின் கட்சிக்காரர்.

1967-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாணவர் சேர்க்கை கணிப்புகளை மிஞ்சி உயர்ந்தது. கட்டணத்தை நீக்கியதோடு ஓமாலி நிற்கவில்லை. பள்ளியிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் வசிக்கும் பிள்ளைகளுக்கு இலவசப் பேருந்து ஏற்பாடு செய்தார். திட்டத்தின் உயிர்நாடி அந்தப் பேருந்துதான் என்பேன். கட்டணம் இல்லாவிட்டாலும், ஏழு மைல் தொலைவு இருக்கிறதே! மறு ஆண்டே, நாற்பத்தேழு வயதில் ஓமாலி காலமானார். அயர்லாந்து மக்கள் இன்றும் அவரை நன்றியுடன் நினைவுகூர்கின்றனர்.

அந்த மஞ்சள் மாலைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் கிராமச் சாலைகளில் ஓடத் தொடங்கியபோது, டி வலேரா குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார். வயது எண்பத்து நான்கு. பார்வை ஏறக்குறைய முற்றிலும் மங்கிவிட்டது. சார்ல்வில் சாலையில் ஒரு பேருந்து போவதை அவரால் பார்த்திருக்க முடியாது. 1973-இல் பதவிக்காலம் முடிந்து விலகிய அவர், 1975 ஆகஸ்ட் 29 அன்று மறைந்தார்.

இந்த வரலாற்றுக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நம் அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதியாக உள்ள வழிகாட்டு நெறிகள், டி வலேராவின் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து அமைக்கப்பட்டவை. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947 இறுதியில் டப்ளினுக்கே சென்று டி வலேராவைச் சந்தித்து வந்தார். அந்த நெறிகளுள் ஒன்று, பதினான்கு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து ஆண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது. பத்து ஆண்டு என்பது 1960-இல் முடிந்தது. கல்வி அடிப்படை உரிமையாகி, அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல். அந்த உரிமையும் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மேலே செல்லத்தான் இன்றும் நம் பிள்ளைகளில் பலர் உதவித்தொகையை நம்பியிருக்கிறார்கள்.

மத்திய அரசின் வருவாய்வழித் தகுதி உதவித்தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதும் மாணவர்களில், நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் தேர்வாகின்றனர். அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கிறது. அந்தத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்ய, ஊதியம் எதிர்பாராமல் மாலையில் வகுப்பெடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் இருக்கின்றனர். அவர்கள் நம் காலத்து லிஸ்டன் பாதிரியார்கள். அவர்களின் பணி போற்றத்தக்கது. அந்த உதவித்தொகை கூடுதலாக வேண்டும் என்பதே என் கருத்தும்.

ஆயினும் உதவித்தொகை வென்ற மாணவனின் படத்தை நாளிதழில் பார்க்கும்போது, அவனோடு அதே தேர்வு அறையில் உட்கார்ந்து எழுதிய மற்றவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பிளாக்ராக் கல்லூரி இன்றும் கட்டணம் பெறும் பள்ளியாகவே இருக்கிறது. அங்கே சேரும் திறமைசாலிகள் நன்றாகவே படிப்பார்கள். சார்ல்வில் சாலையின் பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்குக் கொண்டுசேர்க்க, ஒரு 20 பவுண்டு உதவித்தொகையால் முடியவில்லை. அதற்கு ஒரு பேருந்து தேவைப்பட்டது. அது வந்துசேர, டி வலேரா தேர்வு எழுதிய நாளிலிருந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.